சத்துணவுக் கூடக் கழிவிலிருந்து உரம்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பதை என் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் குப்பையைப் பிரித்துப் போடும் பழக்கம் கையால் செய்து பார்த்தால்தான் படியும் என்று நான் உறுதியாக நம்புவதால், சத்துணவுக் கூடத்தில் சேரும் காய்கறித் தோலையும் வளாகத்து வேப்பஞ்சருகையும் கொண்டு இரண்டு மண்தொட்டிகளில் உரம் தயாரிக்கத் தொடங்கினோம்.

ஒரு பங்கு தோலுக்கு இரண்டு பங்கு சருகு இட்டும், மழைக்குப் பின் ஒரு தொட்டியில் நீர் தேங்கி நாற்றம் எடுக்கிறது. உள்ளே காற்றுப் புகாததே காரணம் என்று பிள்ளைகளே கண்டறிந்தது எனக்குப் பெருமகிழ்ச்சி. அடியில் எத்தனை துளைகள் இட வேண்டும், தென்னைநார்க் கழிவு சேர்க்கலாமா, சிறுவர்கள் கிளறும்போது கையுறை மட்டும் போதுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.