மெயினில் பச்சை, ஜெனரேற்றரில் சிவப்பு: 20 தொன் ரூஃப்டொப் ஏசியை ஸ்டார்ட் பண்ண முதல் என்ன பார்க்க வேண்டும்?

கரடிப்போக்கு வயர்மன்:
அண்ணைமாருக்கு வணக்கம். கிளிநொச்சியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வயரிங் செய்கிறேன். மொட்டை மாடியில் 20 தொன் பக்கேஜ் யூனிட் (எல்லாம் ஒரே பெட்டியில் வருகிற ஏசி) ஒன்றைக் கிரேன் வைத்து ஏற்றியாயிற்று. உள்ளே இரண்டு ஸ்க்ரோல் கொம்பிரசர், 410ஏ கேஸ், பெல்ட்டில் ஓடுகிற புளோவர். வீட்டு ஸ்பிளிற் ஏசி நிறையப் பூட்டியிருக்கிறேன், இந்தச் சைஸ் இதுதான் முதல்.

இன்று காலை கரண்ட் கொடுத்தேன். கொம்பிரசரைத் தொடாமல் புளோவரை மட்டும் போட்டேன். சுற்றுகிறது, ஆனால் ஹோலுக்குள் கிறிலுக்குக் கீழே கையை நீட்டினால் காத்து வருகிறதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. மற்றது, மெயின் கரண்டில் பேஸ் ரிலே (மூன்று பேஸும் சரியான ஒழுங்கில் வருகிறதா என்று பார்க்கிறது) பச்சை. ஜெனரேற்றருக்கு மாற்றினால் சிவப்பு விழுந்து ஒன்றும் ஓடாது. ஆவணியில் முதல் கல்யாணம் புக் ஆகிவிட்டது என்று முதலாளி நிற்கவிடாமல் கலைக்கிறார். ரிலேயைக் கழற்றி நேரே கொடுத்தால் என்ன?

விசுவமடு மெக்கானிக்:
யூனிட்டுக்கு வருகிற மூன்று பேஸில் ஏதாவது இரண்டை மாற்றிப் போடுங்கோ தம்பி. ஜெனரேற்றரிலும் பச்சை வரும். ரிலே எல்லாம் வீண் தலையிடி, எத்தனை இடத்தில் கழற்றி எறிந்திருக்கிறேன்.

மாங்குளம் பழசு:
தம்பி, ரிலேயில் கை வைக்காதேயும். அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. யூனிட் வாசலில் இரண்டு வயரை மாற்றினால் ஜெனரேற்றரில் பச்சை வரும்தான், ஆனால் மெயினில் சிவப்பு விழும். ரிலேயும் இல்லாவிட்டால், மெயினில் ஓடுகிற ஒவ்வொரு தடவையும் கொம்பிரசர் பின்பக்கமாகச் சுற்றும். பின்பக்கம் சுற்றும் ஸ்க்ரோல் கேஸைத் தள்ளாது, சத்தம்தான் போடும், சூடேறிச் செத்துப்போகும். நான் கட்டாரில் கூரைக்குக் கூரை இந்தப் பெட்டிகளோடு இருந்தவன். அங்கே செத்த கொம்பிரசர்களில் பாதி இப்படிக் கெட்டிக்காரர்கள் கை வைத்ததுதான்.

மாற்ற வேண்டிய இடம் மெயினுக்கும் ஜெனரேற்றருக்கும் மாற்றுகிற சேஞ்ச் ஓவர் சுவிச்சில் ஜெனரேற்றர் வந்து ஏறுகிற பக்கம். இரண்டு பக்கமும் ஒரே பேஸ் ஒழுங்கு வரவேண்டும். இவ்வளவு நாளும் ஜெனரேற்றரில் லைற்றும் ஃபானும் மட்டும் ஓடியிருக்கும், அவைக்கு ஒழுங்கு தேவையில்லை, அதனால் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இனிப் புளோவர். ரிலே பார்ப்பது வாசலில் வருகிற கரண்டை மட்டும். உள்ளே மோட்டரைப் போடுகிற காந்தச் சுவிச்சான கொன்ராக்டருக்குப் பிறகு மோட்டர் வயர் மாறியிருந்தால் அதற்குத் தெரியாது. இந்த மாதிரிப் புளோவர் பின்பக்கம் சுற்றினாலும் காத்து முன்பக்கம்தான் வரும், ஆனால் நோஞ்சானாக வரும். நீர் சொல்கிற காத்து அதுதான் என்று நினைக்கிறேன். யூனிட்டின் கரண்டைத் துண்டிக்கிற ஐசொலேற்றரை இறக்கிப் பூட்டுப் போட்டுவிட்டு மூடியைத் திறந்து, கூட்டில் உள்ள அம்புக்குறியைப் பாரும். பிறகு கரண்ட் கொடுத்து ஒரு விநாடி மட்டும் தட்டி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாரும். பிழையென்றால் அந்த மோட்டரின் வயரில் மட்டும் இரண்டை மாற்றும். மேலே உள்ள, சூட்டை வெளியே தள்ளுகிற கொண்டென்சர் விசிறியை இப்போது வெறும் கண்ணால் பார்த்து முடிவு கட்டாதேயும், சோளகம் அடிக்கிற நேரம் அது கரண்ட் இல்லாமலே சுற்றும். திசை சரியாக இருந்தும் காத்து இல்லையென்றால் பெல்ட்டையும் டக்ற்றுக்குள் விட்ட பொலித்தீனையும் தேடும்.

கொம்பிரசரை இன்று போடவே வேண்டாம். அடியில் ஒரு ஹீற்றர் இருக்கிறது. யூனிட்டுக்குக் கரண்ட் கொடுத்து, கொம்பிரசரை ஓடவிடாமல் 24 மணித்தியாலம் அந்த ஹீற்றர் சுட வேண்டும். எங்கட வெயிலுக்கு ஹீற்றர் எதற்கு என்று கேட்பார்கள். மாதக்கணக்கில் சும்மா நின்ற கொம்பிரசரில் கேஸ் போய் ஒயிலுக்குள் கரைந்து கிடக்கும். அப்படியே ஸ்டார்ட் பண்ணினால் ஒயில் நுரைத்துக் கேஸோடு போய்விடும், பெயரிங் காய்ந்து ஓடும்.

அந்த நேரத்துக்குள் மற்ற வேலைகளைப் பாரும். நேம் பிளேற்றில் 50 ஹேர்ட்ஸ்தானே? சவூதிக்குச் செய்த 60 ஹேர்ட்ஸ் பெட்டி என்றால் வேறு கதை. கன்ரோல் ட்ரான்ஸ்ஃபோமர் எந்த வோல்றுக்குப் போட்டிருக்கிறது, 24 வோல்ற் சரியாக வருகிறதா, தீ அலாரத்துக்கான டேர்மினலில் ஜம்பர் (இரண்டு முனையை இணைக்கிற சின்ன வயர்) இருக்கிறதா. அது திறந்து கிடந்தால் பெட்டி மூச்சே விடாது, அரை நாள் வேறு எங்கேயோ தேடுவீர். மூன்று பேஸிலும் வோல்ற்றேஜ் எடுத்து இங்கே போடும்.

முல்லை பிளம்பர்:
ஏசியில் வடிகிற தண்ணீர் போகும் குழாயை மறக்காதீங்கோ. புளோவர் கொயிலுக்குப் பின்னால் இருந்து இழுப்பதால் தட்டில் உறிஞ்சல் இருக்கும். குழாயில் வளைவு வைக்காமல் நேரே விட்டால் வெளிக்காத்து குழாய் வழியே உள்ளே வரும், தண்ணீர் தட்டிலேயே நின்று ஹோலுக்குள் ஊத்தும். சனம் நிரம்பினால் இந்தச் சைஸ் யூனிட்டில் மணிக்கு 20 லீற்றருக்கு மேல் வரும். மணவறைக்கு மேலே ஊத்தினால் யார் பதில் சொல்கிறது? வளைவின் ஆழம் யூனிட்டோடு வந்த புத்தகத்தில் இருக்கும். முதல் நாள் வளைவுக்குள் கையால் தண்ணீர் விட்டு நிரப்புங்கோ.

கரடிப்போக்கு வயர்மன்:
மாங்குளம் அண்ணை, புளோவர் பின்பக்கம்தான் சுற்றியிருக்கிறது. மாற்றினேன், இப்போது கிறிலில் கட்டின ரிப்பன் நேரே நிற்கிறது. ஜெனரேற்றர் பக்கமும் மாற்றிப் பச்சை வந்துவிட்டது. ஹீற்றர் சுடுகிறது. பேஸுக்குப் பேஸ் வோல்ற்றேஜ் 404, 396, 382.

மாங்குளம் பழசு:
கூட்டி மூன்றால் பிரித்தால் 394. மிகத் தள்ளி நிற்பது 382, வித்தியாசம் 12. அது 3 வீதம். 2 வீதத்துக்கு மேல் கொம்பிரசரைப் போடாதேயும். 3 வீதம் சின்னதாகத் தெரியும், மோட்டர் சுற்றில் ஏறுகிற சூடு ஏறத்தாழ 18 வீதம் கூடும். மண்டபத்து லோட் முழுவதையும் ஒரு பேஸில் தூக்கி வைத்திருக்கிறீரா என்று பாரும். பிரித்துப் போட்டும் சரிவராவிட்டால் மின்சார சபைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

கரடிப்போக்கு வயர்மன்:
சமையற்கட்டும் மேடை லைற்றும் வெல்டிங் வேலையும் ஒரே பேஸில் நின்றன. பிரித்தேன். 398, 393, 391. ஹீற்றர் கணக்கும் முடிந்தது, மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு ஸ்டார்ட் பண்ணினேன். இருபது நிமிஷம் ஓடின பிறகு தாழ் பக்கம் 122 பிஎஸ்ஐ, உயர் பக்கம் 425. திரும்பி வரும் காத்து 27 பாகை, போகும் காத்து 17. கூட வந்த பெடியன் பிரஷர் கூட, கேஸ் கொஞ்சம் விடுவோம் என்கிறான்.

மாங்குளம் பழசு:
அவன் கையில் இருந்து கேஜை வாங்கும். பழைய கேஸான ஆர்-22 இல் 70 பார்த்துப் பழகின கண்ணுக்கு 120 பயமாகத்தான் இருக்கும். 410ஏ இல் அது கொயில் 5 பாகையில் இருக்கிற கணக்கு. வெயில் உச்சியில் 425 ம் சரி. கேஸ் ஃபக்ரறியில் நிறுத்துப் போட்டு வருவது, ஒரு சொட்டும் விட வேண்டாம்.

கன்ரோலரில் இரண்டு செற்றிங். ஜெனரேற்றரில் இரண்டு கொம்பிரசரும் ஒன்றாக எழும்பக்கூடாது, இடைவெளி கொடும். ஸ்டார்ட்டில் ஓட்டக் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். எக்கொனமைசர் (வெளியே குளிர்ந்தால் வெளிக்காத்தை உள்ளே எடுக்கிற அமைப்பு) இருந்தால் அதை நிறுத்தி, வெளிக்காத்து வருகிற கதவான டம்பரைக் குறைந்தபட்ச அளவில் மட்டும் வையும். குளிர் நாட்டுக்காரர் வைத்த செற்றிங் அது. மார்கழி மழையில் வெளியே 23 பாகை கண்டதும் டம்பரை அகலத் திறந்து, ஈரக்காத்து முழுவதையும் ஹோலுக்குள் இழுக்கும். நாற்காலித் துணியெல்லாம் நமத்துப்போகும்.

புது பெல்ட் இழுபடும், ஒரு கிழமை ஓடவிட்டு மறுபடி இறுக்கும். சோளகம் முடிய கொண்டென்சரில் படிந்த செம்புழுதியைத் தண்ணீர் அடித்துக் கழுவும். முதலாளியிடம் சொல்லி மாடிக்கு ஒரு நல்ல இரும்பு ஏணி போடுவியும், இல்லாவிட்டால் ஃபில்டர் மாற்ற ஒருத்தனும் ஏற மாட்டான்.