வாக்கர் என்னும் குடும்பப் பெயர்: எங்கே தோன்றியது, எப்படிப் பரவியது?

கேள்வி: குன்னூர்ப் பேரன்

அனைவருக்கும் வணக்கம். என் தாய்வழிப் பாட்டி குன்னூரில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் வாக்கர். பாட்டியின் தாத்தா மேட்டுப்பாளையம் மலை ரயில் பாதையில் வேலை பார்த்தவர் என்றும், அவருக்கு முந்தைய தலைமுறையில் ஒருவர் வெலிங்டன் படைமுகாமில் சிப்பாயாக இருந்து இங்கேயே தங்கிவிட்டவர் என்றும் வீட்டில் சொல்வார்கள். அதற்கு அப்பால் எங்களிடம் எந்தக் குறிப்பும் இல்லை.

உறவினர் சிலர் இது ஸ்காட்லாந்துக்கே உரிய பெயர் என்கிறார்கள்; வேறு சிலர், கால்நடையாகச் செய்தி கொண்டு சென்ற தூதர்களுக்கு வழங்கிய பட்டம் என்கிறார்கள். இந்தப் பெயர் உண்மையில் எங்கே, எதனால் தோன்றியது? வாக்கர் என்று பெயர் கொண்டவர்கள் எல்லாரும் ஒரே மூதாதையின் வழி வந்தவர்களா? பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா? அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஏடுதேடி, உதகை

வணக்கம் தம்பி. வாக்கர் என்பது தொழிலால் அமைந்த பெயர்தான். ஆனால் அந்தத் தொழில் தூது செல்வது அன்று. தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியைத் தொட்டியில் நனைத்துப் போட்டு, காலால் மிதித்துப் பதப்படுத்தியவரே இடைக்கால இங்கிலாந்தில் வாக்கர் எனப்பட்டார். பெயருக்கு வேரான பழைய ஆங்கில வினைக்கு உருட்டுதல், புரட்டுதல் என்பனவே பொருள்; நடத்தல் என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது.

உங்கள் தேடலுக்கு இதைவிடப் பயன்படக்கூடிய செய்தி ஒன்று உண்டு. இதே தொழிலைச் செய்தவருக்கு இங்கிலாந்தில் வட்டாரத்துக்கு வட்டாரம் மூன்று வெவ்வேறு பெயர்கள் வழங்கின. யார்க்‌ஷயர், லங்காஷயர் உள்ளிட்ட வடபகுதியிலும் நடுப்பகுதியிலும் அவர் வாக்கர். தெற்கிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் ஃபுல்லர். டெவன், சாமர்செட் போன்ற தென்மேற்குப் பகுதிகளில் டக்கர். குடும்பப் பெயர்கள் நிலைபெற்ற காலத்தில் அந்தந்த வட்டார வழக்கே பெயராக உறைந்துவிட்டதால், 1881-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு வரைந்த பரவல் வரைபடங்களில்கூட இந்தப் பழைய எல்லைகளைக் காண முடிகிறது. ஆகவே உங்கள் மூதாதை இங்கிலாந்திலிருந்து வந்தவர் என்றால், அவர் தெற்கைவிட வடக்கையோ நடுநாட்டையோ சேர்ந்தவராக இருக்கும் வாய்ப்பே மிகுதி. வாய்ப்பு என்ற அளவில்தான் இதைச் சொல்கிறேன். ஊர்ப்பெயரை இதிலிருந்து வருவிக்க முடியாது.

ஸ்காட்லாந்துக் கருத்தும் முற்றிலும் அடிப்படையற்றதன்று. அங்கும் இந்தப் பெயர் பரவலாக உண்டு. கேலிக் மொழி பேசிய மலைப்பகுதியில் 'துணி மிதிப்பவன் மகன்' என்று பொருள்படும் மாக் அன் உக்கதர் என்ற பெயரையும் ஆங்கிலத்தில் வாக்கர் என்றே எழுதிவிட்டார்கள். 1820-இல் கில்மார்னக் நகரில் மளிகைக் கடை வைத்து, பின்னாளில் ஒரு விஸ்கிக்குத் தம் பெயரைக் கொடுத்த ஜான் வாக்கரும் ஸ்காட்லாந்துக்காரரே. அந்தப் புட்டியில் விரைந்து நடக்கும் கனவானின் படம் 1908-இல் சேர்க்கப்பட்ட விளம்பரச் சின்னமே தவிர, பெயருக்கு விளக்கம் ஆகாது. இவை தவிர நியூகாசில் நகரை அடுத்து வாக்கர் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் பெருமதிலை ஒட்டிய சதுப்பு நிலம் என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள். மிகச் சில குடும்பங்கள் அவ்வூரால் இப்பெயரைப் பெற்றிருக்கலாம்.

ஒரே மூதாதையா என்று கேட்டீர்கள். இல்லை. 1066-இல் நார்மன்கள் வந்த பிறகு நிலவுடைமையாளர்களிடையே தொடங்கிய பரம்பரைப் பெயர் வழக்கம், பொதுமக்களிடம் மெல்ல இறங்கி, ஏறத்தாழ 1400-ஐ ஒட்டி இங்கிலாந்தின் பெரும்பாலான குடும்பங்களில் நிலைத்தது; வடக்கில் இன்னும் சற்றுத் தாமதமாயிற்று. அக்காலத்தில் கம்பளி நெய்த ஊர்தோறும் இத்தொழிலைச் செய்தவர் ஒருவராவது இருந்தார். எனவே ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத எத்தனையோ குடும்பங்கள் தனித்தனியே வாக்கர் ஆயின.

பதில்: மன்னவனூர்க் கம்பளி

ஏடுதேடி ஐயா சொன்னதோடு தொழிலைப் பற்றிச் சிறிது சேர்க்கிறேன். மத்திய ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் பழனி மலையில் எங்கள் மன்னவனூரில் இருப்பதால், கம்பளி எங்களுக்குப் பழகிய பொருள். ஆட்டு மயிரின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்செதில்கள் உண்டு. ஈரமும் அழுத்தமும் திரும்பத் திரும்பக் கிடைக்கும்போது அந்தச் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. துணி சுருங்கித் தடித்து, காற்றும் மழையும் எளிதில் ஊடுருவாத அளவுக்கு நெருக்கமாகிறது. தறியிலிருந்து வந்த துணியோ தளர்வானது, எண்ணெய்ப் பசை கொண்டது. அந்தப் பசையை நீக்கப் புளித்த சிறுநீரையும், நம் கடைகளில் முகப்பூச்சுக்கு விற்கும் முல்தானி மட்டி போன்ற களிமண்ணையும் பயன்படுத்தினார்கள். நாற்றமும் குளிருமாக, மணிக்கணக்கில் நின்று செய்த கடும் உழைப்பு அது. அதைச் செய்தவர்கள் மரியாதைக்குரியவர்கள் என்றே நான் நினைக்கிறேன்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீர்ச்சக்கரத்தால் மரச் சம்மட்டிகளை இயக்கித் துணியை அடிக்கும் ஆலைகள் 12-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்துக்கு வந்துவிட்டன; 1185-ஐச் சேர்ந்த, டெம்ப்ளர் என்ற கிறித்தவப் போர்வீரர் சபையின் கணக்குகளில் அவை குறிக்கப்பட்டுள்ளன. பரம்பரைப் பெயர்கள் நிலைத்தது அதற்குப் பிறகு என்பதால், முதன்முதலில் வாக்கர் என்று எழுதப்பட்டவர்களில் பலர் துணியைத் தாமே மிதித்தவர்களாக இல்லாமல், ஓடையோரத்தில் ஆலை நடத்தியவர்களாகவும் இருந்திருப்பார்கள்.

குன்னூர்ப் பேரன்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பெயர் வட்டாரத்தை உணர்த்துமே தவிர ஊரைக் காட்டாது என்று புரிந்துகொள்கிறேன். அப்படியானால் குன்னூரிலிருந்து பின்னோக்கிச் செல்வதற்கு வேறு என்ன வழி?

பதில்: லவ்டேல் மாமி

தம்பி, பெயரின் பரவலை முதலில் நினைவில் கொள்ளுங்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்தும் வட இங்கிலாந்திலிருந்தும் குடியேறியவர்களோடு இப்பெயர் அயர்லாந்தின் அல்ஸ்டருக்குப் போயிற்று. 1689-இல் லண்டன்டெரி முற்றுகையின்போது அந்நகரின் ஆளுநராக இருந்தவர் ஜார்ஜ் வாக்கர் என்ற பாதிரியார். அமெரிக்காவில் இது கறுப்பின மக்களிடையேயும் மிகப் பரவலான பெயர். அங்கே அடிமைமுறையின் வரலாறும் இதில் கலந்திருக்கிறது. ஆகவே வெலிங்டனுக்கு வந்த சிப்பாய் யார்க்‌ஷயர்க்காரராக இருக்கலாம், ஐரிஷ்காரராகவும் இருக்கலாம். படைப்பிரிவின் பெயரில் ஒரு மாவட்டம் இருந்தாலும் ஆட்சேர்ப்பு அம்மாவட்டத்தோடு நின்றதில்லை.

மரபணுச் சோதனையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். தந்தைவழியில் இறங்கும் குரோமோசோமைப் பார்க்கும் அந்தச் சோதனைக்குப் பாட்டியின் சகோதரர் வழியில் வந்த ஆண் ஒருவர் வேண்டும். அரிதான பெயர்களுக்கு அது நன்றாகப் பயன்படுகிறது. பரவலான பெயர்களில் பெயரொற்றுமைக்கும் இரத்த உறவுக்கும் பெரும்பாலும் தொடர்பு தென்படுவதில்லை.

தேவாலயப் பதிவேடுகளே உங்களுக்கு உறுதியான வழி. ஞானஸ்நானப் பதிவில் குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், வாழ்ந்த இடம், தந்தையின் தொழில் ஆகியவை இருக்கும். பாட்டியின் பதிவிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாக அவருடைய தந்தை, தாத்தா என்று மேலே செல்லுங்கள். குன்னூரில் மூல ஏடு சிதைந்திருந்தால் கவலைப்படாதீர்கள். சென்னை மாகாணத் தேவாலயங்களின் பதிவுகளுக்குப் படிகள் எடுத்து லண்டனுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது, அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. படைவீரர்களின் பிள்ளைகளுக்காக 1858-இல் தொடங்கப்பட்ட லாரன்ஸ் விடுதியில் அந்தக் குடும்பத்துக் குழந்தை எவரேனும் படித்தாரா என்பதையும் விசாரியுங்கள்.

சிப்பாயின் திருமணப் பதிவிலோ பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவிலோ படைப்பிரிவின் பெயர் கிடைத்துவிட்டால், பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் போர் அலுவலகத்தின் பணிவிடுப்பு ஆவணங்களைத் தேடலாம். அவற்றில் வீரர் பிறந்த ஊர் எழுதப்பட்டிருக்கும். 1883-க்கு முன் ஓய்வூதியம் பெற்று விலகியவர்களின் தாள்களே பெரும்பாலும் அங்கே சேர்ந்தன. பணியில் இறந்தவர்களை அந்தத் தொகுதியில் பார்க்க முடியாது. எனவே உங்கள் மூதாதை பணி முடித்து விலகிக் குன்னூரில் தங்கினாரா, சீருடையிலேயே இறந்தாரா என்பதை அடக்கப் பதிவேட்டில் முதலில் பார்த்துவிட்டு எழுதுங்கள். அடுத்த படிக்கு நான் உதவுகிறேன்.