மாற்று இதயத்தில் ஃப்ளட்டர்: அப்லேஷனுக்கு முன் பயாப்சி எதற்கு?

கேள்வி:
அப்பாவுக்கு இதயம் மாற்றி 17 வருடம். போன வாரம் மாடி ஏறியதும் மூச்சு வாங்கியது. நாடி 150, உட்கார்ந்தும் இறங்கவில்லை. ஈசிஜியில் ஏட்ரியல் ஃப்ளட்டர், அதாவது இதயத்தின் மேலறையில் மின்னோட்டம் வட்டமாகச் சுழன்று துடிப்பை வேகமாக்குவது. முதலில் பயாப்சி (இதயத் தசையில் துளி எடுத்துப் பரிசோதிப்பது), அப்புறம்தான் அப்லேஷன் (அந்தச் சுழற்சியைச் சுட்டு நிறுத்துவது) என்கிறார்கள். ஏன் இந்தத் தாமதம்?

பதில் 1:
கேத் லேபில் (ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் செலுத்தி இதயத்தைப் பார்க்கும் அறை) வேலை பார்க்கிறேன். தாமதம் இல்லைங்க. உடல் புது இதயத்தை நிராகரிக்கத் தொடங்கினாலும் ஃப்ளட்டர் வரும், அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

பிறகு மேப்பிங், அதாவது மின்னோட்டம் எங்கே எப்படி ஓடுகிறது என்று வரைபடம் போடுவது. பழைய முறையில் தைத்திருந்தால் அப்பாவின் சொந்த ஏட்ரியத்தில் (மேலறையில்) ஒரு பகுதி பின்னால் இன்னும் இருக்கும், தனியாகத் துடிக்கும். நடுவில் தையல் தழும்பு. பெரும்பாலும் மின்னோட்டம் அதைத் தாண்டாது. ஒரு பக்கம் ஃப்ளட்டர், மறுபக்கம் நிதானமான துடிப்பு என்று ஒரே திரையில் பார்த்து அசந்து போயிருக்கிறேன். சுழல்வது எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுடக்கூடாது. பெரும்பாலும் தானமாக வந்த பக்கத்தில், வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ட்ரைகஸ்பிட் வால்வைச் சுற்றித்தான். வால்வுக்கும் தையலுக்கும் இடையே ஒரு கோடு சுட்டால் சுழற்சி அறுந்துவிடும். பழைய ஆபரேஷன் குறிப்பு இருந்தால் கட்டாயம் கொண்டு போங்கள்.

பதில் 2:
துடிப்பைக் குறைக்க டில்டியாசெம் மருந்து கொடுத்தால், நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு ஏறும். ரத்தத்தில் அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
குறிப்பு அம்மாவின் பீரோவில் இருந்தது. பழைய முறைதான். நாளை காலை பயாப்சி.