பெரியம்மாவிடம் தம்பி கேட்ட சொல்

குழு: நம் வீட்டுக் கூடம்

தம்பி (இரவு 8.12): பெரியம்மா, விழித்திருக்கிறீர்களா? இன்று ஒரு வாடிக்கையாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவருடைய பொருள் பத்து நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. பாதிப் பணம் திருப்பித் தருகிறோம், இது உங்களை ‘அப்பீஸ்’ செய்யும் என்று நம்புகிறோம் என ஆங்கிலத்தில் எழுதினேன். “காசைக் கொடுத்து என் வாயை அடைக்கப் பார்க்கிறீர்களா?” என்று பதில் வந்தது. அகராதியில் ‘சமாதானப்படுத்து’ என்றுதானே போட்டிருக்கிறது?

நான்: எனக்கும் அந்தப் பொருள்தான் தெரியும்.

பெரியம்மா: அகராதி பொய் சொல்லவில்லை. பழைய பிரெஞ்சில் அமைதியைக் குறித்த சொல்லின் வழியில் பிறந்ததுதான் அது. 1938-க்குப் பிறகு அதன் மேல் கறை படிந்துவிட்டது.

மாமா: மியூனிக் ஒப்பந்தமா அக்கா?

பெரியம்மா: அதுவேதான். செக்கோஸ்லோவாக்கியாவின் சூடெட்டன்லாந்தைக் கேட்டார் ஹிட்லர். பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லினும் பிரெஞ்சுப் பிரதமர் தலாதியேவும் சம்மதித்தார்கள். நிலத்தை இழந்த நாட்டைப் பேச்சில் சேர்க்கவே இல்லை. அடுத்த மார்ச்சில் ஜெர்மன் படை பிராகுக்குள் நுழைந்தது, செப்டம்பரில் போலந்துக்குள். அதுவரை நல்ல பொருளில் வழங்கிய ‘அப்பீஸ்மென்ட்’, மிரட்டுகிறவனுக்குக் கேட்டதைக் கொடுத்து அடக்கப் பார்ப்பது என்றாகிவிட்டது.

மாமா: நம் தேர்தல் மேடைகளிலும் அது வசவாகத்தான் வருகிறது.

பெரியம்மா: ஆகவே தம்பி, நீ அந்த மனிதரை மிரட்டிப் பறிப்பவராக ஆக்கிவிட்டாய். அவர் கேட்டது தனக்கு நியாயமாக வரவேண்டியதை.

தம்பி: நான் அப்படி நினைக்கவே இல்லை. ‘பேசிஃபை’ என்று எழுதியிருக்கலாமா?

பெரியம்மா: வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் அழும் குழந்தையின் வாயில் வைக்கும் ரப்பர் காம்புக்குப் பெயர் ‘பேசிஃபயர்’. கலகம் செய்யும் ஊரைப் படை கொண்டு அடக்குவதற்கும் அதே சொல்தான். ‘பிளக்கேட்’ கொஞ்சம் பரவாயில்லை, அதிலும் சலுகையின் வாடை உண்டு. ‘மாலிஃபை’ லத்தீனில் மென்மையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, இளகச் செய்வது. ‘ப்ரொபிஷியேட்’ தெய்வத்துக்கு உரியது. பொங்கல் வைத்து மாரியம்மன் மனம் குளிரச் செய்கிறோமே, அதற்கு.

சித்தப்பா: எங்கள் ஆலையில் போனஸ் தகராறு வந்தபோது ‘கன்சிலியேஷன்’ அலுவலர், அதாவது சமரச அலுவலர், முன் உட்கார்ந்தோம். 1947 தொழில் தகராறு சட்டத்தின்படி நியமிக்கப்பட்டவர் அவர். அவரால் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவைத்தார். யாரும் யார் வாயையும் அடைக்கவில்லை. எனக்கு அந்தச் சொல்லின் மேல் இன்றும் மரியாதை உண்டு.

நான்: ஆற்றுவதற்குச் சொல்லும் ‘சூத்’ எப்படி, பெரியம்மா?

பெரியம்மா: இத்தனையிலும் என் மனத்துக்கு நெருக்கமானது அதுதான். பழைய ஆங்கிலத்தில் ‘சூத்’ என்றால் உண்மை. அதிலிருந்து வந்த வினைக்கு முதற்பொருள் ஒன்றை மெய் என்று காட்டுவது. பிறகு, ஒருவர் சொல்வதற்கு ஆமாம் போடுவது. ஆற்றுவது என்ற பொருள் வந்து சேர்ந்தது அதற்கும் பிறகுதான். நீங்கள் சொல்வது மெய்தான் என்று ஒப்புக்கொள்வதில் தொடங்கிய ஆறுதல் அது. நம் ‘ஆறுதல்’ மட்டும் குறைந்ததா? பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, கோபமும் ஆறுகிறது. அமைதியைக் குறிக்கும் ஆங்கிலத்தின் ‘காம்’ கூட, கிரேக்கத்தில் வெயிலின் கொதிப்பைக் குறித்த சொல்லிலிருந்து நண்பகல் ஓய்வின் வழியாக வந்தது என்கிறார்கள்.

அம்மா: சின்ன வயதில் இவன் தூணில் இடித்துக்கொண்டு அழுதால் என் மாமியார் முதலில் தூணைத்தான் நாலு அடி அடிப்பார். மிட்டாய் அதற்குப் பிறகுதான் வரும்.

பெரியம்மா: அதையேதான் நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தம்பி (8.47): புதிதாக எழுதிவிட்டேன். தமிழில் சொன்னால்: “பத்து நாள் தாமதம் எங்கள் தவறு. உங்கள் கோபம் நியாயமானது. பாதிப் பணம் வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கணக்கில் வந்துவிடும்.”

நான்: பெரியம்மா சொன்ன சொற்களில் ஒன்றுகூட இதில் இல்லையே!

பெரியம்மா: வேண்டியதில்லை. அப்படியே அனுப்பு.

தம்பி (மறுநாள் காலை 10.05): பதில் வந்தது. “சரி, வெள்ளிக்கிழமை பார்க்கிறேன்.” அவ்வளவுதான்.

பெரியம்மா: கணக்குப் பிரிவை நம்பி இருக்காதே. வியாழக்கிழமையே நீ நேரில் போய்க் கேள்.