"எனக்கு வலி இல்லை" என்று சொல்லிப் பார்த்த நாட்கள்

நான்கு ஆண்டுகள் இடுப்புவலியோடு இருந்தவன் நான். ஸ்கேனில் பெரிதாக எதுவும் இல்லை என்றார்கள். வலி மட்டும் போகவில்லை. அப்போதுதான் ஓர் ஆழ்மனப் பயிற்சியில் சேர்ந்தேன். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் நின்று, "எனக்கு வலி இல்லை, நான் பூரண நலத்தோடு இருக்கிறேன்" என்று நூறு முறை சொல்ல வேண்டும். ஆறு வாரம் விடாமல் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் மனம் "அப்படியா, பார்ப்போம்" என்று நேரே இடுப்புக்குப் போய்த் தொட்டுப் பார்க்கும். வலி அங்கேயே இருக்கும். பொய் சொன்ன களைப்புதான் மிச்சம். எனக்குத்தான் நம்பிக்கை போதவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன்.

பின்னாளில் கனடாவில் உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். "நான் அன்புக்குரியவர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, ஏற்கெனவே தன்மதிப்பு குறைந்திருந்தவர்களின் மனநிலை இன்னும் சரிந்ததாம். படித்ததும் நெஞ்சு லேசானது.

என்னை மீட்டவர் ஓர் இயன்முறை மருத்துவர். குனியவே அஞ்சி விறைத்து நின்ற என்னிடம், "வலிக்கும், ஆனால் ஒன்றும் உடையாது. இதைச் சொல்லிக்கொண்டே குனியுங்கள்" என்றார். அஞ்சினால் தசை இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் அச்சம் வளரும். ஆபத்து என்று மூளை கருதும்வரை வலியைக் கூட்டியே காட்டும் என்று விளக்கினார். மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி "வலிக்கும், உடையாது" என்று குனிந்தேன். முதல் நாள் கை முழங்கால்வரைதான் போனது. இரண்டு மாதத்தில் செருப்பு வாரை நானே மாட்டினேன். இந்த வாக்கியத்தோடு மனம் ஒருநாளும் சண்டை போடவில்லை.

* * *

உங்கள் இடுப்புவலிக் கதையைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். "அடக்கிவைத்த கோபம்தான் கட்டியாகியிருக்கிறது, மன்னித்தால் கரைந்துவிடும்" என்று ஒரு வகுப்பில் சொல்லியனுப்பினார்கள். நல்லவேளையாகக் கீமோதெரபியை அவள் விடவில்லை. ஆனால் வாந்தி எடுத்துவிட்டு வந்து, "இன்றைக்குத் தப்பாக நினைத்துவிட்டேன், வளர்ந்திருக்குமோ?" என்று கேட்பாள். நோயாளியின் தலையில் பழியையும் ஏற்றிய அந்த வகுப்பை என்னால் மன்னிக்க முடியாது.

தலை, கழுத்துப் புற்றுநோய் கொண்ட 1,093 பேரை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வில், மனநிலைக்கும் உயிர்வாழும் காலத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. அதை அவளுக்கு எடுத்துச் சொன்னேன். "அப்படியென்றால் அழலாமா?" என்றாள். அன்றுதான் வாய்விட்டு அழுதாள். இரவு நன்றாகத் தூங்கினாள்.

* * *

உங்கள் அக்காவின் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. மனம் உடலைத் தொடுவது உண்மைதான். 1978இல் ஓர் ஆய்வு: ஞானப்பல் பிடுங்கியவர்களில் மருந்துச்சத்தே இல்லாத வெற்று மருந்தாலேயே வலி தணிந்தவர்களுக்கு, உடலே சுரக்கும் வலிநிவாரணியான எண்டார்பினின் வேலையைத் தடுக்கும் நாலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் வலி ஏறியது. எதிர்பார்ப்பே மூளையில் வலிநிவாரணியைச் சுரக்க வைத்திருக்கிறது. வலி, குமட்டல், தூக்கம் வரைக்கும் மனத்தின் கை நீளும். கட்டியைக் கரைக்கும் என்று சொல்வது கொடுமை. உங்கள் அக்கா இப்போது ஏதாவது சொல்லிக்கொள்கிறார்களா?

* * *

சொல்லிக்கொள்கிறாள். மருந்து ஏறத் தொடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த பாட்டில் தீரும்வரை பொறுத்துக்கொள்வேன்" என்பாள். அடுத்த பாட்டிலைப் பற்றிப் பேசுவதில்லை.