நியூசிலாந்து தென் தீவில் குடும்பத்தோடு கேம்பிங்: வேனா, கூடாரமா?

மலைச்சாரல்:
பிப்ரவரி கடைசியிலிருந்து இரண்டு வாரம் விடுமுறை கிடைத்துவிட்டது. நான், மனைவி, 8 வயதுப் பையன், 4 வயதுப் பெண், கூடவே 66 வயதாகும் என் அம்மா. ஓட்டல் அறைகளில் அடைந்து கிடக்காமல் பிள்ளைகள் புல்லிலும் மண்ணிலும் புரண்டு விளையாட வேண்டும், ராத்திரி எல்லாரும் வெளியே உட்கார்ந்து வானம் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் கேம்பிங் என்று முடிவு செய்தோம்.

கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி டெக்காப்போ, மவுண்ட் குக், குயின்ஸ்டவுன், மில்ஃபோர்ட் சவுண்ட், மேற்குக் கடற்கரைப் பனியாறுகள், நெல்சன், அப்புறம் நாள் இருந்தால் படகேறி வடக்குத் தீவு என்று எழுதி வைத்திருக்கிறேன். ஐந்து பேருக்கும் உள்ளேயே படுக்க வசதியுள்ள ஒரே கேம்பர்வேன் எடுப்பதா, இல்லை காரும் கூடாரமுமா? வீட்டில் இருக்கிற கூடாரத்தையே கொண்டுபோகலாமா? அங்கே எங்கே வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தித் தூங்கலாம் என்கிறார்களே, உண்மையா? அம்மாவுக்குப் பாம்பு என்றாலே நடுக்கம், ராத்திரியில் ஒருமுறையாவது கழிப்பறைக்கு எழுந்திருப்பார். இதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை நேசன்:
முதலில் உங்கள் அம்மாவுக்கு நல்ல செய்தி: நியூசிலாந்து மண்ணில் பாம்பே கிடையாது. தைரியமாகப் புல்லில் நடக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, இந்தப் பட்டியலைப் பாதியாகக் குறையுங்கள். வடக்குத் தீவை இப்போதே அடித்துவிடலாம். பிக்டனிலிருந்து வெலிங்டன் போகும் படகு மட்டுமே மூன்றரை மணி நேரம், முன்கூட்டி வந்து வரிசையில் நிற்பது, ஏற்றுவது, இறக்குவது எல்லாம் சேர்ந்தால் ஒரு பகல் முழுசாகக் காலி. மேற்குக் கடற்கரையையும் நெல்சனையும்கூட இன்னொரு பயணத்துக்கு விடுங்கள் என்பேன். வரைபடம் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள், ஊருக்கு வெளியே வேக வரம்பு 100 கிலோமீட்டர்தான், 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு 90, அதுவும் மலைப்பாதையில் ஓட்டவே முடியாது. ஒற்றை வழிப் பாலங்கள் நிறைய வரும். வட்டப் பலகையில் உங்கள் திசை அம்புக்குறி சிறியதாகச் சிவப்பில் இருந்தால் நீங்கள்தான் நின்று எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும்.

கேம்பிங்கில் இடம் மாறுவது ஓட்டல் மாறுவது போல் இல்லை. காலையில் பனி நனைத்த கூடாரத்தைக் காயவைத்து மடிக்க வேண்டும், பாய்களில் காற்றை இறக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், காணாமல் போன ஒற்றைச் செருப்பைத் தேட வேண்டும், சாயங்காலம் அதையெல்லாம் வேறோர் இடத்தில் மறுபடி விரிக்க வேண்டும். தினமும் இதைச் செய்தால் பிள்ளைகளுக்கு விளையாட நேரமே இருக்காது. ஓர் இடத்தில் மூன்று ராத்திரியாவது தங்குங்கள். டெக்காப்போ, மவுண்ட் குக், தே அனாவ், இந்த மூன்றையும் நடுநாயகமாக வைத்துக்கொண்டால் இரண்டு வாரமும் நிறைவாக இருக்கும்.

மில்ஃபோர்டுக்குத் தே அனாவிலிருந்து 118 கிலோமீட்டர், காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம், டேங்கைத் தே அனாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கே வருடத்துக்கு 6 மீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது, அதனால் மழை என்று தெரிந்ததும் திட்டத்தை மாற்றாதீர்கள். மழை பெய்தால்தான் அந்தக் கடற்கழியைச் சுற்றியுள்ள பாறைச் சுவர் முழுக்க அருவி இறங்கும். சாலை எச்சரிக்கை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வானம் பார்க்கத்தான் போகிறோம் என்றால் காலண்டரில் அமாவாசை எப்போது என்று பார்த்து டெக்காப்போ நாட்களை அதையொட்டி வையுங்கள். அந்தப் பகுதி 2012 முதல் சர்வதேச இருள்வானக் காப்பகம், ஆனால் பௌர்ணமி அன்று அங்கேயும் நட்சத்திரம் மங்கித்தான் தெரியும்.

வாண்டுகளின் அம்மா:
சகோ, கூடாரம் பற்றிக் கேட்டீர்கள். கொண்டுபோகலாம், ஆனால் பயன்படுத்திய கூடாரம், நடைக்காலணி எல்லாவற்றையும் நுழைவுப் படிவத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும். மண், விதை, பூச்சி எதுவும் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதில் அந்த நாடு மிகக் கறாராக இருக்கிறது, சொல்லாமல் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். கூடார முளைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், காலணியின் அடிப்பள்ளங்களை பழைய பல்துலக்கியால் சுரண்டுங்கள், கூடாரத்தின் மூலைத் தையலில் ஒட்டியிருக்கும் காய்ந்த புல்லைக்கூட விடாதீர்கள். சாப்பாட்டுப் பொருள் எதுவாக இருந்தாலும் அதையும் எழுதிவிடுங்கள். கேஸ் குப்பியை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் வைக்கக் கூடாது, போய் இறங்கி வாங்கிக்கொள்ளலாம்.

நாங்கள் பிள்ளைகளோடு போகும்போது தூங்கும் சாமான்களில்தான் அதிகக் கவனம் வைப்போம். பகலில் வெயில் சுட்டெரித்தாலும் டெக்காப்போ பக்கம் ராத்திரியில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். தூக்கப்பையில் (ஸ்லீப்பிங் பேக்) இரண்டு வெப்பநிலை எண் போட்டிருப்பார்கள், அதில் குறைந்ததைப் பார்த்து ஏமாறாமல், வசதியாகத் தூங்கக்கூடியது என்று போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். தரையின் குளிர்தான் உடம்பைத் தாக்கும் என்பதால் பையைவிடக் கீழே விரிக்கும் பாய் முக்கியம்.

சின்னவளுக்கு அனுமதிக்கப்பட்ட குழந்தை இருக்கை கட்டாயம், 7 வயதுக்குள் என்றால் அது சட்டம். பையனுக்கு 8 வயது என்பதால் சட்டப்படி பெல்ட் போதும், ஆனாலும் 148 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை உயர்த்தி இருக்கை (பூஸ்டர் சீட்) நல்லது. பெரிய வேன்களில் குழந்தை இருக்கையை எல்லா இடத்திலும் மாட்ட முடியாது, எந்த இருக்கையில் மாட்டலாம் என்று முன்பதிவுக்கு முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பச்சைச் சான்று:
எங்கே வேண்டுமானாலும் நிறுத்தித் தூங்கலாம் என்பது பழைய பேச்சு. 2023-ல் வந்த சட்டப்படி, உள்ளாட்சி நிலத்தில் வண்டியில் தங்க வேண்டும் என்றால், அவர்களே விலக்கு அளித்த இடங்கள் தவிர, பச்சைச் சான்று பெற்ற வண்டி வேண்டும், அந்தச் சான்றுக்கு வண்டிக்குள் நிலையாகப் பொருத்திய கழிப்பறை இருக்க வேண்டும். எடுத்து வெளியே வைக்கும் கழிப்பறை மட்டும் இருந்தால் அந்தச் சான்று கிடைக்காது. அப்படியும் சில ஊர்களில் சில இடங்களில் முழுத் தடை உண்டு, அந்தந்த உள்ளாட்சியின் பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

உங்கள் குடும்பத்துக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து. அங்கே ‘ஹாலிடே பார்க்’ என்று தனியார் முகாம்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன, பொதுச் சமையலறை, வெந்நீர்க் குளியல், துணி துவைக்கும் இயந்திரம், பிள்ளைகள் விளையாட இடம் எல்லாம் இருக்கும். இயற்கைப் பாதுகாப்புத் துறை, அங்கே டாக் என்பார்கள், அவர்கள் நடத்தும் முகாம்கள் இன்னொரு வகை. மவுண்ட் குக் பக்கத்தில் இருக்கும் ஒயிட் ஹார்ஸ் ஹில் அவர்களுடையதுதான், ஹூக்கர் பள்ளத்தாக்குப் பாதை அங்கிருந்தே தொடங்குகிறது, பாதை முழுக்கத் திறந்திருக்கிறதா என்று மட்டும் அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் அற்புதம், ஆனால் வசதி குறைவு. டாக் முகாம்களிலேயே சாதாரண வகையில் குழிக் கழிப்பறையும், கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டிய தண்ணீரும்தான் இருக்கும்.

டீசல் வேன் எடுத்தால் கிலோமீட்டர் கணக்கில் சாலைக் கட்டணம் தனியாக வரும், வாடகையை ஒப்பிடும்போது அதையும் கூட்டுங்கள்.

மலைச்சாரல்:
எல்லாருக்கும் மிக்க நன்றி. வடக்குத் தீவு, நெல்சன், பனியாறு மூன்றையும் எடுத்துவிட்டேன், மனைவிக்கு இதில் பரம சந்தோஷம். அப்படியானால் வேனா, கூடாரமா? தே அனாவ் பக்கம் ஏதோ பூச்சி கடிக்கும் என்றும் படித்தேன்.

வாண்டுகளின் அம்மா:
நான் கார், கூடாரம் பக்கம்தான். ஆறு பேர் படுக்கும் வேன் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பால் வாங்கப் போவதற்கும் மொத்த வீட்டையும் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும், ராத்திரி ஒருவர் எழுந்தால் ஐந்து பேரும் எழுவீர்கள். கழிவுத் தொட்டியைத் தினமும் குறித்த இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதும் உங்கள் வேலைதான். ஹாலிடே பார்க்குகளில் சின்னக் கேபின்கள் வாடகைக்கு விடுகிறார்கள். அம்மாவுக்கு உள்ளேயே கழிப்பறை இருக்கும் கேபின் ஒன்று எடுங்கள், பக்கத்துப் புல்வெளியில் நீங்கள் கூடாரம் போடுங்கள். விடாமல் மழை பெய்தால் பிள்ளைகளையும் பாட்டியிடம் அனுப்பிவிடலாம்.

பூச்சி உண்மைதான், சாண்ட்ஃபிளை என்பார்கள். காற்றில்லாத பகலிலும் அந்தி நேரத்திலும்தான் தொல்லை, இருட்டிவிட்டால் போய்விடும். அடர் நிற உடையைத் தேடி வரும், அதனால் வெளிர் நிறத்தில் முழுக்கை, முழுக்கால் போடுங்கள், கணுக்காலில் மருந்து தடவ மறக்காதீர்கள். கூடாரத்தின் வலைக்கதவைத் திறந்ததும் மூட வேண்டும் என்று பையனிடம் பொறுப்பு கொடுத்துவிடுங்கள்.

கேபின்கள்தான் முதலில் தீரும். மவுண்ட் குக்கின் டாக் முகாமில் அவை கிடையாது, அந்த நாட்களுக்கு ட்வைசல் ஊரில் கேபின் பார்த்துவிட்டு, பகலில் காரில் போய் வாருங்கள்.