நுளம்பு வேலைக்கான நேர்முகப் பரீட்சையும் நான் தடுமாறிய ஒரே கேள்வியும்

வெள்ளவத்தையிலிருந்து:

கொழும்பிலுள்ள அரச பொதுச் சுகாதாரப் பிரிவொன்றில், ஓராண்டு ஒப்பந்த அடிப்படையிலான பூச்சியியல் உதவியாளர் பதவிக்கு நேர்முகப் பரீட்சைக்குத் தோற்றிய அனுபவத்தை, இதே வழியில் வரவிருப்பவர்களுக்காகப் பகிர்கிறேன். பிரிவின் பெயரைத் தவிர்க்கிறேன்.

காலை எட்டரை மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். என்னை உள்ளே அழைத்தபோது ஒரு மணி தாண்டியிருந்தது. இடைப்பட்ட நேரத்தில் நடைபாதையின் பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்து, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தயாரித்து வைத்திருந்த விடைகளையே திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். தமிழில் எதையும் தயாரிக்கவில்லை. தாய்மொழிக்கு எதற்குத் தயாரிப்பு என்று நினைத்திருந்தேன்.

குழுவில் மூவர் இருந்தனர். தலைமை வகித்த வைத்திய அதிகாரி, சான்றிதழ்களைப் புரட்டிக்கொண்டே, “மலேரியா இல்லாத நாட்டுக்கு மலேரியா நுளம்பைத் தேடுகிற ஆள் எதற்கு?” என்று சிங்களத்தில் கேட்டார். இந்தக் கேள்வியை எதிர்பார்த்தே போயிருந்தேன். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானதையும், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்ததையும் சொல்லிவிட்டு, 1963ஆம் ஆண்டுக்குப் போனேன். அந்த ஆண்டில் நாடு முழுவதும் 17 நோயாளர்கள் மட்டுமே பதிவாகியிருந்தார்கள். நோய் ஒழிந்துவிட்டது என்ற நம்பிக்கையில் பூச்சிகொல்லித் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. அந்தத் தசாப்தம் முடிவதற்குள் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. நோய் போனாலும் நுளம்பு போகவில்லை என்றும், வெளிநாட்டிலிருந்து தொற்றுடன் திரும்பும் ஒருவரைக் கடிப்பதற்கு அது இங்கேயே காத்திருக்கிறது என்றும் முடித்தேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

இரண்டாமவர் கணக்குக் கொடுத்தார். நூறு வீடுகளைச் சோதித்ததில் 12 வீடுகளில், மொத்தம் 18 பாத்திரங்களில் டெங்கு நுளம்பின் குடம்பிகள் (முட்டையிலிருந்து வெளிவந்து நீரில் வாழும் பருவம்) இருந்தால் சுட்டெண்கள் என்ன? நூறு வீடுகளில் குடம்பி உள்ள வீடுகள் எத்தனை என்பது வீட்டுச் சுட்டெண், அது 12. நூறு வீடுகளுக்குக் குடம்பி உள்ள பாத்திரங்கள் எத்தனை என்பது பிரிட்டோ சுட்டெண், அது 18. நூறு வீடுகள் என்பதால் வகுக்க வேண்டிய அவசியமே இல்லை. பதற்றத்தில் இருப்பவர்கள்தாம் வகுக்கத் தொடங்குகிறார்கள் என்று அவரே சிரித்தார். அடுத்து, மன்னாரில் கண்டறியப்பட்டு 2017இல் அறிக்கையிடப்பட்ட அனோபிலிஸ் ஸ்டீபன்சி பற்றிக் கேட்டார். இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அந்த நுளம்பு கிணறுகளிலும் நீர்த்தாங்கிகளிலும் பெருகுவதால், கிராமப்புற நோயாக நாம் பழகியிருந்த ஒன்று நகரத்துக்கும் வரக்கூடும் என்ற அளவில் பதில் சொன்னேன்.

மூன்றாமவர் தமிழர், ஓய்வுக்கு அண்மித்த வயதுடையவர். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாதவர், “பிள்ளை, கொட்டாஞ்சேனையில ஒரு தோட்டத்து வீடு. கதவைத் திறந்த அம்மா அடுப்பில கறி வைச்சிட்டு வந்து நிக்கிறா. ரெண்டு நிமிஷம் இருக்கு. சொல்லுங்கோ பாப்பம்” என்றார்.

“உங்கள் வளாகத்தில் நுளம்பு இனப்பெருக்கம் செய்யக்கூடிய நீர் தேங்கும் கொள்கலன்களை அகற்றி...” என்று நான் தொடங்கியதும் கையை உயர்த்தினார். “கொள்கலன் எண்டா அவவுக்குத் துறைமுகத்தில நிக்கிற பெட்டி. குடம்பி எண்டா என்னெண்டு கேப்பா. வேற மாதிரிச் சொல்லுங்கோ.” எனக்கு வேறு மாதிரி வரவில்லை. பல்கலைக்கழகத்தில் விலங்கியலை முழுக்க ஆங்கிலத்தில் கற்று, துண்டுப்பிரசுரத் தமிழை மட்டும் வாசித்திருந்த எனக்கு, என் சொந்த மாமியிடம் பேசும் தமிழ் அந்த அறையில் மறந்துபோனது. வாளி, சிரட்டை, பீலி, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத் தட்டு என்று ஒவ்வொன்றாக அவர்தான் எடுத்துக்கொடுத்தார். வெட்கமாக இருந்தது, ஆனால் அன்றைய கேள்விகளில் வேலைக்கு மிக நெருக்கமானது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

வத்தளையிலிருந்து:

சகோதரிக்கு வணக்கம். என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பயிற்சிக்கு அழைக்கப்பட்ட என்னிடம் நோயைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. அது சான்றிதழ்களை மட்டும் சரிபார்க்கும், புள்ளி வழங்கப்படாத நேர்முகப் பரீட்சை. நானோ 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தை வரி வரியாகப் படித்துவிட்டுப் போயிருந்தேன்.

சிக்கல் வேறிடத்தில் வந்தது. என் தந்தையின் பெயர் பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘சீ எச்’ என்றும், உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழில் ‘எஸ்’ என்றும் தொடங்கியிருந்தது. இரண்டும் ஒரே பெயர்தான் என்பது தமிழ் தெரிந்த எவருக்கும் கேள்வியாகவே தோன்றாது. என் ஆவணக் கோவையைப் பார்த்த எழுதுவினைஞருக்கோ அவர்கள் இரண்டு மனிதர்கள். சமாதான நீதவான் ஒருவரிடம் சத்தியக்கடதாசி பெற்று, மூன்று நாட்களுக்குள் கொண்டுவரும்படி சொன்னார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே தமிழ்ப் பெயருள்ள எவரும் மூலப் பிரதிகள் அனைத்தையும் ஒரே மேசையில் பரப்பி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு இருந்தால் சத்தியக்கடதாசியை முன்கூட்டியே பெற்றுக்கொண்டு செல்லுங்கள். கிராம உத்தியோகத்தர் சான்றிதழின் திகதியையும் பாருங்கள். பழையது என்று எனக்கு முன்னால் நின்றவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

சகோதரி, முடிவு என்னவாயிற்று என்று எழுதவில்லையே?

வெள்ளவத்தையிலிருந்து:

காத்திருப்புப் பட்டியலில் இரண்டாவதாக இருந்தேன். நான்கு மாதங்கள் கழித்து, பதிவுத் தபாலை எதிர்பார்த்திருந்த எனக்குத் தொலைபேசி அழைப்புத்தான் வந்தது. திங்கட்கிழமை கடமைக்கு வரும்படி வெள்ளிக்கிழமை மாலையில் சொன்னார்கள். ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான் என்பதால், சனிக்கிழமைகளில் நான் எடுக்கும் உயிரியல் வகுப்பை இன்னும் விடவில்லை. களத்தில் குடம்பியை எல்லோரும் ‘புழு’ என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அறிக்கையில் மட்டும் குடம்பி என்று எழுதுகிறேன்.